இரண்டு புள்ளி, ஒரு கோடு

பூட்டி வைத்த கோப்புகளை யாரோ திறந்து படித்திருந்தார்கள். சர்வர் பதிவைப் பார்த்த ஏஞ்சலினுக்கு வாயிலிருந்த வடை இறங்கவில்லை.

திண்டுக்கல்லில் அருள்நாதன் நடத்திய திருமணத் தகவல் மையத்துக்கு, 2004இல் இணையதளம் செய்து கொடுத்தவள் அவள்தான். மணமக்களின் போட்டோக்களை யாரும் பார்க்கலாம். போன் நம்பர், சம்பளம், நின்றுபோன நிச்சயதார்த்தம் எல்லாம் தனி ஃபோல்டரில் இருந்தன. அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும். அது அருள்நாதனிடம் மட்டுமே உண்டு. ஏஞ்சலினுடைய அக்காவின் கோப்பும் அதற்குள் இருந்தது. அக்காவுக்கு ஒருமுறை நிச்சயம் நின்றுபோயிருந்தது.

தவறு ஏஞ்சலினுடையது. இணைய முகவரியில் எந்தக் கோப்பின் பெயரைப் போட்டுக் கேட்டாலும் அவள் எழுதிய புரோகிராம் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தது. பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால், இந்தப் போட்டோ ஃபோல்டரை விட்டு வெளியே வா என்று அர்த்தம். வந்தவன் அப்படி வெளியேறி, பூட்டிய ஃபோல்டருக்குள் பின்பக்கமாகப் புகுந்திருந்தான்.

அருள்நாதனுக்குப் போன் செய்து, திருடன் நுழைந்துவிட்டதாகச் சொன்னாள். அவர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"எப்பிடி வாரான்னு எனக்கு வெளக்காதம்மா, நெஞ்சு படபடங்குது. மொதல்ல அடைச்சிரு."

அந்தப் புள்ளிகளும் கோடும் எங்கே வந்தாலும் வெட்டும்படி எழுதினாள். மறுநாள் வந்தவன் நான்கு புள்ளி, இரண்டு கோடு போட்டான். நடுவிலிருந்ததை வெட்டியதும் மிச்சம் ஒட்டிக்கொண்டு, பழையபடி இரண்டு புள்ளி ஒரு கோடு ஆனது.

ஆத்திரத்தில் புள்ளியே கூடாது என்று தடுத்தாள். ஒவ்வொரு போட்டோவின் பெயரிலும் ஒரு புள்ளி உண்டு என்பது மறந்துபோயிற்று. கொடைரோட்டிலிருந்து பெண் தேடி வந்த குடும்பம், முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறிகளைப் பார்த்துவிட்டு எழுந்து போனது. அருள்நாதன் அழாத குறை. தடையை எடுத்தாள். செத்த நேரத்தில் அவன் மறுபடி உள்ளே. இந்தத் தடவை திறந்தது அக்காவின் கோப்பு.

ஏஞ்சலினால் அக்காவிடம் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக யோசித்து, கடைசியில் புள்ளிகளோடு மல்லுக்கட்டுவதை விட்டாள். கேட்ட வழியில் முடிவுவரை போய்ப் பார், நிற்கிற இடம் போட்டோ ஃபோல்டருக்குள் இருந்தால் மட்டும் கொடு என்று எழுதினாள்.

மறுநாள் காலை முழுக்க அவன் முட்டி மோதினான். ஒன்றும் நடக்கவில்லை. ஏஞ்சலின் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு, திருடனை ஒழித்த செய்தியைச் சொல்லப் போன் செய்தாள். அருள்நாதனின் மனைவி வியாகுலம்மாள் எடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"திருடனா? பாஸ்வேர்ட மறந்துட்டேன்னு ஒங்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டு, கம்ப்யூட்டர் படிக்கிற எங்கண்ணன் மகன்கிட்டக் கேட்டுக் கேட்டு இம்புட்டு நாளும் இவருதாம்மா புள்ளி வச்சு உள்ள போனாரு. இப்ப ஒங்க அக்காளப் புடிச்சுப்போச்சுன்னு மாப்ள வீட்டுக்காரவுக வந்து உக்காந்திருக்காக, ஒங்க வீட்டு நம்பர எடுக்கவும் முடியாம, ஒங்கிட்டக் கேக்கவும் முடியாம முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு."