முட்டி சிஸ்டரின் காலிப் பலகை

சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பார்க்கக் குந்திய தலைமை நர்ஸால் எழுந்திருக்க முடியவில்லை.

கட்டிலில், இடுப்பெலும்பில் ஆபரேஷன் முடிந்த தொண்ணூறு கிலோ லாரி டிரைவர், நாற்காலிக்கு மாறத் தயாராக உட்கார்ந்திருந்தார். பின்னால் நோட்டும் கையுமாக இரண்டு புது நர்சுகள். மூலையில் தரை துடைக்கும் ஆயா.

"முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே" என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்வதால் தலைமை நர்ஸுக்கு முட்டி சிஸ்டர் என்றே பெயர். நோயாளியைத் தப்பாகத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர் தன் பெயரைத் தானே எழுதவேண்டும் என்று ஓய்வறையில் கரும்பலகையே மாட்டியிருந்தார். வார்டில் இவருக்குக் கீழே பழைய நர்சுகள் ஏழு பேர். மூன்று வருஷமாகப் பலகையில் ஒரு பெயர் இல்லை. அந்தப் பெருமையைக் கேட்டு, அவர் குடியிருக்கும் எங்கள் தெருவுக்கே காது புளித்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் நேற்று வீட்டில் ஈரத்துணி வாளியை வெடுக்கென்று தூக்கினார். இடுப்பு 'கடக்' என்றது. இன்று சீருடைக்குள் ரகசியமாக இடுப்புப் பட்டை.

"பிரேக் போட்டாச்சும்மா, நானே பாத்தேன்," என்றார் டிரைவர்.

"இருங்க, சக்கரத்தையும் பாத்துடறேன்."

சக்கரத்தைப் பார்த்தார். கால்மிதியைப் பார்த்தார். பார்க்க நாற்காலியில் வேறொன்றும் பாக்கியில்லை.

"இதையும் எழுதிக்கணுமா சிஸ்டர்?" என்றாள் நெட்டை நர்ஸ்.

"எழுதிக்கோ. எதுலயும் நிதானம் வேணும்."

கட்டிலைப் பிடித்து எழப் பார்த்தார். கை பட்டது கட்டிலை ஏற்றி இறக்கும் பொத்தானில். கட்டில் டிரைவரோடு சேர்ந்து மெல்ல இறங்கி, இருவர் மூக்கும் நேருக்கு நேர் வந்து நின்றது.

"தூக்கறேன்னு சொல்லிட்டு இறக்கறீங்களேம்மா?" டிரைவர் உற்றுப் பார்த்தார். "இடுப்பா?"

"ஷ்ஷ்! மெதுவா!"

முப்பது வருஷம் ஹார்னோடு போட்டி போட்ட தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியுமா?

"பொண்ணுங்களா! உங்க சிஸ்டருக்கு இடுப்பு புடிச்சிருச்சு, தூக்குங்க!"

கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி, பிசகே இல்லாமல் சிஸ்டரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பிசகில்லாமைதான் அவரை அதிகம் குத்தியது. போதாக்குறைக்குப் பட்டை கழன்று தரையில் விழுந்தது.

"அப்ப என் நாற்காலி?" என்றார் டிரைவர்.

வார்டே வேடிக்கை பார்க்க, சிஸ்டர் அதே நாற்காலியில் உருண்டபடி, தலையைத் தூக்காமலே ஓய்வறைக்குப் போனார். கரும்பலகை முன் சாக்பீஸை எடுத்தார். கண் கலங்கியது. முதல் எழுத்தைப் போடுவதற்குள், பட்டையோடு பின்னாலேயே வந்துவிட்டாள் ஆயா.

"இதுக்கா சிஸ்டர் அழறீங்க? மத்த ஏழு பேரு பட்டையையும் நான்தானே துவைச்சு, உங்க கண்ணுல படாம மாடியில காயப்போடறேன். அதோட உங்களுதையும் சேத்துப் போட்டுடறேன், விடுங்க!"