அம்மன் இரவல் கொடுத்த கூந்தல்

கிட்ட வாங்க, கண்ணுகளா. விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது மனித குலத்தின் மாபெரும் சாதனைக் கதை. முதல் சாதனை, நெருப்பைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, நம் தோட்டத்து ரதியின் முகத்தை ஒரு பல்கலைக்கழகம் "சரிபார்த்தது". நடுவில் நடந்ததெல்லாம் சில்லறை வேலை.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்குப் புகழ்ச்சி பிடிக்காது.

ரதி, மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ஆலைச் சோதனைக்கூடத்தில் ரப்பர்ப் பால் சோதிக்கிறவள். வயது முப்பத்தொன்று. வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்க வேண்டும் என்று வருடா வருடம் விண்ணப்பம் போட்டாள், வருடா வருடம் "வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. நான்காவது வருடம் அவள் அம்மா செல்லம்மா, மகளை ஒரு வார்த்தை கேட்காமல், மகளின் முடியைத் தருவதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். நேர்த்திக்கடனில் அது ஒரு வசதி. வேண்டுகிற தலை ஒன்று, மொட்டையாகிற தலை வேறு.

இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் மாயாண்டி பக்கத்தில் நிற்க, இடுப்பைத் தொட்ட கூந்தலை மேலே கயிறு கட்டி முழுதாக வெட்டி எடுத்தார்கள். மீதியை மழித்துச் சந்தனம் பூசினார்கள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் "தொழில்நுட்பச் சேவைகளைச் செயல்படுத்தாத" மாணவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடுமாம்.

ரதி அன்றைக்கே போனில் பல்கலைக்கழகச் செயலியைத் திறந்து உட்கார்ந்தாள். பயனர் பெயர் கொடுத்தாள். கடவுச்சொல் கேட்டது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரமோ ஆச்சரியக் குறியோ ஒன்று என்று அது கேட்ட காணிக்கையை எந்தச் சாமியும் கேட்டதில்லை. அதையும் கொடுத்தாள். போனுக்கு ஆறு இலக்கம் வந்தது, அதையும் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாக முகத்தை வட்டத்துக்குள் காட்டச் சொன்னது. சந்தனத் தலையோடு காட்டினாள்.

"முகம் பொருந்தவில்லை."

விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் கூந்தல் இருந்தது, அதுதான் சங்கதி. தலையில் துண்டு போட்டுக் காட்டினாள். துணியை அகற்றவும் என்றது. அகற்றினாள். பொருந்தவில்லை என்றது. முப்பது தடவை காட்டினாள். எந்தத் தடவையும் அது கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமையை நான் மெச்சுகிறேன்.

மறுநாள் "உதவி மேசை"க்குப் போன் செய்தாள். நாற்பது நிமிடம் இனிய இசை. பிறகு வந்தவள் பெயர் தர்ஷிகா, சிரம்பான் பக்கம் தெமியாங்கில் வளர்ந்த சிலோன்காரப் பிள்ளை. மலாயும் ஆங்கிலமும் தீர்ந்த இடத்தில் இரண்டு பேருக்கும் தமிழ் அகப்பட்டது.

"நீங்கள்தான் ரதி எண்டு எனக்கு விளங்குது அக்கா. சிஸ்டத்துக்கு விளங்க வேணுமே."

நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டலாமா என்று ரதி கேட்டாள். தாராளமாக வரலாம், ஆனால் செயலியைக் காட்டினால்தான் வாசல் திறக்கும், முகம் பொருந்தினால்தான் செயலி திறக்கும் என்றாள் தர்ஷிகா. சரி, படத்தையாவது மாற்றலாமா? மாற்றலாம், உள்ளே நுழைந்த பிறகு. பொய்முடி வைக்கலாமா? "செயற்கை முடி" விதிமீறல். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று பாருங்கள். திருடன் நுழைய முடியாது. மாணவரும் நுழைய முடியாது. கட்டடம் என்றென்றும் சுத்தமாக இருக்கும்.

தர்ஷிகா நல்ல பிள்ளை. புகாரைப் பதிந்து எண் கொடுத்தாள். அதன் கீழே, "நிலை: வளர்ச்சிக்காகக் காத்திருக்கிறது" என்று வந்தது. முடியைத்தான் சொல்கிறார்கள்.

புதன்கிழமை ரதிக்கு ஒரு யோசனை வந்து மறுபடி கூப்பிட்டாள்.

"பொய்முடி கூடாதுன்னா, என் சொந்த முடியையே வச்சுக் காட்டலாமா, பிள்ளை?"

அந்தப் பக்கம் விதிப் புத்தகம் புரளும் சத்தம். "சொந்த முடிக்குத் தடை இல்லை அக்கா. அது தலையிலதான் முளைச்சிருக்க வேணும் எண்டு எங்கயும் எழுதேல்ல."

சொந்த முடி கோயில் சாமான் அறையில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள், சிரம்பான் முடி வியாபாரி வருவதற்காகக் காத்திருந்தது. சாவி மாயாண்டி இடுப்பில். அவர் தோட்டத்து முன்னாள் மண்டோர், அதாவது கங்காணி, இருபத்திரண்டு வருடக் கோயில் தலைவர், நரைத்த மீசை காதைத் தொடும். கொடுத்தது கொடுத்ததுதான், அது அம்மன் சொத்து என்று வியாழக்கிழமை கூட்டத்தில் அடித்துச் சொல்லிவிட்டார்.

ரதி வாதாடவில்லை. "மாமா, நாலு வருஷம் கேட்டுக் கெடச்சது. நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல அவங்க என்னை மறுபடி கூப்பிடமாட்டாங்க. நானும் மறுபடி கேக்க மாட்டேன். பால் வாளியோட நின்னுக்குவேன்."

மாயாண்டி மீசையைத் தடவினார். "எனக்கு எதுக்கு வம்பு. அம்மாகிட்டயே கேட்டுப்புடுவோம்லா."

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்தார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. செல்லம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அம்மன் எடுத்துக்கொண்டது அரை நிமிடம். புகார் எண் கொடுக்கவில்லை, இசை போடவில்லை, ஆறு இலக்கம் அனுப்பவில்லை. என்ன செய்வது, பழங்காலத்து நிர்வாகம். "அம்மனின் உடைமையான கூந்தல் ஒன்று பக்தைக்கு இரவலாக வழங்கப்படுகிறது" என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி, கோயில் மண்டபம். போனைப் பிடித்திருந்தவள் நான். பாவமோ புண்ணியமோ எனக்கும் பங்கு உண்டு. ரதி கூந்தலைத் தலையில் வைத்தாள், சந்தனத்தில் வழுக்கி மடியில் விழுந்தது. ரிப்பன் கட்டினாள், நழுவியது. மணி நாலே முக்கால். மறுபடியும் ரிப்பனை எடுத்தாள். மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"தலப்பா கட்டுற மாதிரி கட்டணும் பொண்ணே, இங்க பாரு." கூந்தலை வாங்கித் தன் தலையில் வைத்துத் துண்டால் பின்னுக்கு இறுக்கிக் கட்டினார். சரியாக இருக்கிறதா என்று குனிந்து, என் கையில் திறந்திருந்த போன் வட்டத்தில் முகம் பார்த்தார்.

போன் அதிர்ந்தது. பச்சைக் குறி. "வருக, ரதி."

"நான் ஒண்ணும் தொடலைலா" என்றார் மாயாண்டி.

இந்த இடத்தில் எழுந்து நின்று அந்தப் பல்கலைக்கழகத்தை வணங்க வேண்டும். அது ஆண் பெண் பேதம் பார்க்கவில்லை. வயதைப் பார்க்கவில்லை. மீசையைத் தனிமனித விருப்பம் என்று விட்டுவிட்டது.

ரதி பதறிப்போய் தர்ஷிகாவிடம் உண்மையைச் சொன்னாள். அந்தப் பிள்ளை விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டியது.

"சிஸ்டத்தில இனி உங்கட முகம் மாமாவின்ர முகம் அக்கா. படம் மாத்தலாம், ஆனா அதுவும் அந்த முகத்தோட பொருந்த வேணும். முகத்தையே மாத்தக் கேட்டால் பதிவு ரத்தாகும், இடமும் போயிடும்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "மாமாவுக்குச் செவ்வாயும் வியாழனும் நேரம் இருக்குமோ?"

இருந்தது. வகுப்புகள் எல்லாம் திரையில்தான். ஒவ்வொரு தடவையும் முகம் காட்ட வேண்டும், வகுப்பு முடிகிற வரை கேமரா திறந்திருக்க வேண்டும். பதினான்கு வாரம் மாயாண்டி கூந்தலோடு முன்னால் உட்கார்ந்தார். ரதி ஓரமாக, படத்தில் விழாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள், பதில் சொன்னாள், எல்லாத் தேர்வும் எழுதினாள். மீசை ஒரு பக்கம் சும்மா இருக்கும், குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வரும். சில நாள் அவர் தேநீர் குடித்தார். மழைக்கால வகுப்பு ஒன்றில் குறட்டையே விட்டார். கோயில் கமிட்டியும் மாதா மாதம் இரவலை நீட்டித்துக் கொடுத்தது.

ரதி அந்தப் பருவத்தில் முதல் தரத்தில் தேறினாள். அது அவள் மூளைக்குக் கிடைத்ததென்று நான் சத்தியம் செய்வேன். மதிப்பெண்ணோடு பேராசிரியர் தம் கைப்பட எழுதிய சான்றும் வந்தது. "ரதியை நான் நேருக்கு நேர் நன்கு அறிவேன். வகுப்பில் ஒவ்வொரு மாணவர் முகத்தையும் கவனித்துக் கற்பிப்பது என் வழக்கம்."

கண்ணுகளா, நான் இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. அதற்குக் கண் வைக்க மறந்துவிட்டார்கள், அது பாவம். கண்ணை வைத்துக்கொண்டு பதினான்கு வாரம் நிமிராதவரைத்தான் அங்கே பேராசிரியர் என்கிறார்கள்.

சரி, எழுந்திருங்கள், மழை வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தக் கோலத்தில் வந்து வாசலில் நின்றாலும், தலை நிமிர்த்தி "வந்துட்டியா, சாப்பிட வா" என்று சொல்கிற ஒருவர் அந்த வீட்டில் எந்நாளும் இருக்கட்டும். பானையும் நிறைந்திருக்கட்டும்.