குறை சொன்ன சரக்கு

பெரியகுளத்தில் மச்சினன் கட்டியிருக்கும் புது வீட்டின் வாசற்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று சுருளிவேல் சபதம் எடுத்தார். காரணம் சின்னதில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறவன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டும். மச்சினன் முத்துக்குமரனோ அக்காவின் போனுக்கு வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, கீழே கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தான்.

"வாட்ஸப்புல கூப்பிட்டான்ல? வாட்ஸப்புலயே போயிட்டு வா. அங்கன குடுக்கிற பாலையும் போன்லயே குடிச்சுக்க" என்றார்.

மனைவி மாரீஸ்வரி போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பி வீட்டு விசேஷத்தில் புருசன் இல்லாமல் தனியாகப் போய் நின்றால் சொந்தபந்தம் என்னென்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு போயே ஆக வேண்டும். அதற்காக அவள் சபதமெல்லாம் எடுக்கவில்லை. டிவியைப் போட்டாள்.

எட்டு மணிக்கு 'மௌனமான மருமகள்'.

சுருளிவேல் கம்பம் ஊரில் வாழைத்தார் வியாபாரி. தார் சுமந்து, அடிபட்டு, பேரம் பேசியே முன்னுக்கு வந்தவர். தோட்டத்துக்குள் நுழைந்ததும் "என்னய்யா, காய் திரளலையே, காம்பு சூம்பிக் கிடக்கே" என்று ஆரம்பித்தார் என்றால், தோட்டக்காரருக்கே தன் தார்மேல் சந்தேகம் வந்துவிடும். அந்த வாய் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடுமா?

"பேரு மௌனமான மருமகளாம். மூணு வருசமா இவ வாய மூடிருக்காளா பாரு."

"செத்த நேரம் சும்மா இருங்க."

"இந்தா, மாமியாக்காரி தூங்குறா. பட்டுச்சேல, ஒட்டியாணம். பொரண்டு படுத்தாக் குத்தாது? தூங்குறாளா, நகைக்கடைக்கு வாட்ச்மேன் வேல பாக்குறாளா?"

"ஏங்க, வசனம் கேக்க மாட்டேங்குது."

"அறைஞ்சுட்டான்டி! ஒரு அறைக்கு எத்தன மூஞ்சியக் காட்டுறான்! ஏலே, வீட்டுக்குள்ள எதுக்குடா இடி இடிக்குது? கூட மழையும் பெஞ்சா வைகை அணையாவது ரொம்பும்."

"பாலு டம்ளரு, பாலு டம்ளரு! அய்யோ, குடிக்கப் போறா!"

"வெசம் கலந்து எம்புட்டு நாளாச்சு? அம்புட்டு நாள் வச்ச பாலுக்கு வெசம் வேற எதுக்கு? பாலே கொன்னுரும். இவ மாடிப்படி எறங்க ஆரம்பிச்சப்ப நம்ம தோட்டத்துல கன்னு வச்சோம். தார் வெட்டியாச்சு, பக்கக்கன்னும் குலை தள்ளிருச்சு. இவ இன்னும் தரைக்கு வந்து சேரல. தொடரும்னு போடுறான் பாரு. தொந்தரவுன்னு போட்டாத்தான் பொருத்தம்."

ஒரு நாள் தவறாமல் இப்படித்தான். எட்டு மணிக்கு முன்பே முகம் கழுவி, துண்டை உதறி, நாற்காலியைப் பிடித்துவிடுவார். குறை சொல்ல வேண்டாமா?

அந்த வாரம் மருமகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கதவு திறந்தது. ஒரு ஜோடிச் செருப்பு உள்ளே வந்தது. தீயில் வெந்து செத்துப்போன புருசனின் செருப்பு மாதிரியே இருந்தது. செருப்புக்கு மேலே ஆளைக் காட்டவில்லை. தொடரும்.

மறுநாள் எட்டு மணி. டிவி இருட்டாக இருந்தது.

"என்னடி, கரண்டு இல்லையா?"

"நீங்க சொன்னது நெசந்தாங்க. யோசிச்சுப் பாத்தேன். ஒரே குப்ப. விட்டுட்டேன்."

"எத?"

"அந்த நாடகத்தத்தான். நீங்க கபடி பாருங்க."

சுருளிவேல் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் கபடி பார்த்தார். கபடியில் யாரும் செருப்பே போடவில்லை.

அடுத்த நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சும்மா கேக்குறேன். அந்தச் செருப்பு யாரோடது?" என்றார்.

"எந்தச் செருப்பு?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போனில் பார்க்கலாம் என்றால் அவருடையது பட்டன் போன். டச் போன் வைத்திருந்தால் தோட்டக்காரர்கள் தாரைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே விலை கேட்பார்கள் என்று வாங்கவில்லை.

அதற்கடுத்த நாள் மாரீஸ்வரி கடைக்குப் போன சமயம் பார்த்து ரிமோட்டின்மேல் பாய்ந்தார். இந்தச் சேனல் உங்கள் தொகுப்பில் இல்லை என்று எழுத்து வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார்.

"கேபிள்காரர்ட்ட நாந்தான் எடுக்கச் சொன்னேன்." பின்னால் குரல். "பாக்கணும்னா சொல்ல வேண்டியதுதான?"

"அந்தக் கருமத்த எவன் பாப்பான்? அதுல ஒண்ணாச்சும் உருப்படியா இருக்கா?"

"வேணாங்கிற தார நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டீக. காம்பு சூம்பல்னு நின்னு குத்தம் சொல்றீகன்னா வெல பேசப் போறீகன்னு அர்த்தம். நானும் இத்தன வருசமா வியாபாரிக்குத்தான வாக்கப்பட்டிருக்கேன். ரேட்டச் சொல்லவா?"

சுருளிவேல் தொண்டையைக் கனைத்தார். "சொல்லு."

"ஞாயித்துக்கெழம பெரியகுளம்."

"வழியில வீரபாண்டி கோயில் வரைக்கும் வர்றேன். ஆத்தாளக் கும்பிட்டுட்டுத் திரும்பிருவேன்."

"சரக்கு பெரியகுளத்துக்கு."

"தேனி பஸ் ஸ்டாண்டு. கடைசி ரேட்டு."

தோட்டக்காரர்களிடம் அவர் செய்கிற வேலையை அவள் அவரிடம் செய்தாள். முந்தானையை உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுக்களையைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், நில்லுடி. பெரியகுளம். ஆனா தெருமுக்குலயே நின்னுக்கிருவேன்."

நடை நிற்கவில்லை.

"சரி, வீட்டுக்குள்ளயே வர்றேன். ஆனா ஒண்ணு. ஓந்தம்பி இங்கன நேர்ல வந்து, தட்ட நீட்டி, வாயால கூப்பிடணும்."

மாரீஸ்வரி நின்றாள். அவள் முகம் வாடிவிட்டது. "அவன் ரோசக்காரனாச்சே. வருவானா?"

"அது ஓம்பாடு. வரலேன்னா நானும் வரல. ஆனா சேனல் மட்டும் வந்துரணும்."

"சரிங்க" என்றாள், ரொம்பச் சின்னக் குரலில்.

சுருளிவேல் அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தார். முத்துக்குமரன் தலைகீழாக நின்றாலும் கம்பம் பக்கம் வரமாட்டான். சபதமும் பிழைத்தது, சேனலும் கிடைத்தது. இப்படி ஒரு பேரம் மார்க்கெட்டில்கூடப் படிந்ததில்லை.

விடிந்ததும் வெளிக்கதவு கிறீச்சிட்டது. முத்துக்குமரன் நின்றான். வெள்ளை வேட்டி, கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. தூங்காத கண்.

"தப்பா எடுத்துக்கிறாதீக மச்சான். நீங்க வந்து முன்ன நின்னு பால் காய்ச்சிக் குடுக்கணும்."

தட்டில் என்ன குறை சொல்லலாம் என்று சுருளிவேல் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வாங்கிக்கொண்டார். மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனாள்.

அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "ஏன் மாப்ள, இம்புட்டு ரோசக்காரன் எப்பிடி எறங்கி வந்த?"

முத்துக்குமரன் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தான்.

"எங்கக்காவும் எம்பொண்டாட்டி ஓவியாவும் போன்ல என்ன பேசுனாகளோ மச்சான்… எங்க வீட்டுலயும் அந்தச் சேனலப் புடுங்கிட்டாக."