பதினெட்டு டிகிரி

மனிதகுலம் நிமிர்ந்து நிற்க ஒரே வழி, குழந்தைகளின் மேல்தாடையை விரிப்பதுதான். இதை ஒப்புக்கொள்ளாதவர்களோடு நான் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. தலை எந்நேரமும் தொங்கியே இருக்கும். தாடை விரிந்தால் தலை தானாக நிமிரும் என்று பல் டாக்டர் உறுதியளித்து, அவள் அண்ணத்தில் ஒரு கம்பிக் கருவியைப் பொருத்தினார். அதன் திருகைக் குட்டிச் சாவியால் தினம் ஒருமுறை திருப்ப வேண்டும். அந்தத் 'திருப்பணி'யை நானே ஏற்றேன். அவள் வாய் திறந்திருக்கும் இரண்டு நிமிடத்தை வீணாக்குவானேன் என்று, கணக்குப் பரீட்சையில் விட்ட பிழைகளை வரிசையாக எடுத்துரைப்பேன். அவளால் பதில் பேச முடியாது. கருவியின் உபரி நன்மைகளில் இதுவும் ஒன்று.

மாதந்தோறும் டாக்டரின் அறையில் 'தலைநிலை ஆய்வு' நடக்கும். கோடு போட்ட சுவர் ஓரமாக மகளை உட்காரவைத்து, டாக்டரின் உதவியாளர் அம்மா பக்கவாட்டில் படமெடுத்து, கோணமானியை வைத்து அளப்பார். முதல் மாதம் குனிவு பதினெட்டு டிகிரி. மூன்றாம் மாதமும் அதே பதினெட்டு.

"தாடை பிரமாதமா ஒத்துழைக்குது சார். தலைதான் அடம் பிடிக்குது," என்றார் டாக்டர். "இன்னும் ஆறு மாசம் விரிச்சுப் பாக்கலாம்."

"கன்னம் தாங்குமா டாக்டர்?"

"அதையும் சேர்த்துத்தான் பாக்கப்போறோம்."

மகளின் கண்ணில் நீர் முட்டியது. விஞ்ஞானத்தின் மேல் அவளுக்குள்ள ஈடுபாடு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது செல்போன் அடிக்க, நான் வெளியே போனேன். திரும்பி வந்தால் அறையே பரபரப்பாக இருந்தது. அதற்குள் எடுத்த புதுப் படத்தில் குனிவு பூஜ்யம்.

"நான்தான் சொன்னேனே," என்றார் டாக்டர். உறுதிப்படுத்த மறுபடி படமெடுத்து அளந்தார்கள். பதினெட்டு.

உதவியாளர் அம்மா என்னையே பார்த்தார். "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."

நின்றேன். பூஜ்யம். உள்ளே வந்தேன். பதினெட்டு. ஆய்வு முறைப்படி ஐந்து தடவை போய் வந்தேன். முடிவு மாறவில்லை.

டாக்டர் கருவியைக் கழற்றினார். கோப்பில் 'குனிவுக்குக் காரணம்' என்ற இடத்தில் 'தாடை' என்பதை அடித்துவிட்டு, 'தகப்பனார்' என்று எழுதினார்.

மூன்று மாதத்தில் முதல்முறையாக மகள் தெளிவாகப் பேசினாள். "அப்பா, அந்தச் சாவிய அவங்ககிட்டயே குடுத்துடுங்க."

சட்டைப்பையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

உதவியாளர் அம்மா பழக்க தோஷத்தில் கோணமானியை என் கழுத்தருகே கொண்டுவந்தார்.

"பதினெட்டு, டாக்டர்."