பன்னிரண்டாவது சொல்

ஆபிரிக்கக் கண்டத்தின் பொருளாதார விடுதலை வெள்ளவத்தையில்தான் தொடங்கியது. கடற்கரை றெயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு கலியாண மண்டபத்தின் மேல்மாடியில், ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு. வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் தடுமாறக்கூடாது என்பதற்காக நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.

தொடங்கியவர் எங்கள் தலைவர் திரு. நாகேந்திரம், ஓய்வுபெற்ற காப்புறுதி முகாமையாளர். அவர் ஆபிரிக்காவுக்குப் போனதில்லை. ஆனால் அதைப் பற்றி நாற்பத்தொரு வீடியோ பார்த்திருக்கிறார். நான் செயலாளர். எங்கள் அமைப்பின் பெயர் ‘அனைத்து ஆபிரிக்க பிட்கொயின் வழிப் பொருளாதார விடுதலைப் பேரவை, வெள்ளவத்தை’. பெயர்ப்பலகை அடித்தவன் இரண்டு பலகைக்குக் காசு கேட்டான்.

“ஆபிரிக்காவில கோடிக்கணக்கான சனத்துக்கு பாங்க் எக்கவுண்டே இல்லை,” என்றார் தலைவர் முதல் கூட்டத்தில். “பிட்கொயின் வந்தால் பாங்கே தேவையில்லை. ஒரு போன் காணும். அவையள் இனி ஒருத்தரிட்டயும் கையேந்த வேண்டியதில்லை!”

றெயில் போனது. போய் முடிந்ததும் அதே வசனத்தைத் திரும்பச் சொன்னார். இரண்டு தரமும் கை தட்டினோம்.

குறை ஒன்றே ஒன்றுதான். பேரவைக்கு ஆபிரிக்காவில் ஒருவரையும் தெரியாது. அந்தக் குறையை இடியப்பம் தீர்த்துவைத்தது. கூட்டங்களுக்கு இடியப்பமும் சொதியும் அவித்துக் கொண்டுவருகிற பாக்கியலெட்சுமி, கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் இருப்பவர். சம்பல் வைக்கும்போது, தன் மகள் துஷ்யந்தி கென்யாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள் என்று சொன்னார். மண்டபமே எழுந்து நின்றது.

“மாசாமாசம் சல்லி அனுப்புதுங்க. கமிசன்தான் கொஞ்சம் வெட்டுறாங்க.”

“வெட்டுறாங்களோ!” தலைவரின் குரல் தழுதழுத்தது. “பிள்ளை, உமக்கு விடுதலை தேவை.”

“எனக்கு வீடுதாங்க தேவை. இருக்கிற அறைய தை முடியக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வேற எடத்துக்கு அட்வான்ஸ் கட்டத்தான் மக அனுப்புது.”

இலக்கியத் தமிழில் வீடு என்றாலும் விடுதலை என்றாலும் ஒன்றுதான் என்று நான் விளக்கினேன். அதற்கும் கை தட்டினார்கள். பாக்கியலெட்சுமி மட்டும் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த மூன்று மாதமும் பேரவையின் ஏற்பாட்டில் துஷ்யந்தியின் சம்பளம் பிட்கொயினாகத் தாயின் போனுக்கு வந்தது. தொடக்கத்தில் போன் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டியது. போன் பழுதானால் புதுப் போனில் அந்தச் சொற்களை அதே ஒழுங்கில் எழுதவேண்டும். அப்போதுதான் பணம் திரும்பும். சொற்கள் தொலைந்தால் பணமும் தொலைந்தது. கேட்பதற்குக் கந்தோரும் இல்லை, திட்டுவதற்கு மனேஜரும் இல்லை. இதைத்தான் தலைவர் ‘சுதந்திரம்’ என்றார்.

எங்கள் அமைப்பு விதிகளின், அதாவது யாப்பின், நாலாம் பிரிவு, ஆவணங்கள் யாவும் தூய தமிழில் இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே பன்னிரண்டையும் நானே மொழிபெயர்த்தேன். ஏழாவது சொல் ‘அங்கிள்’. சித்தப்பாவா, தாய்மாமனா என்று நாற்பது நிமிடம் விவாதம். வாக்கெடுப்பில் தாய்மாமன் வென்றார். பன்னிரண்டாவது சொல்லைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘விடுதலை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பிறகு சொற்களை முதலில் எழுதிவைத்திருந்த ஆங்கிலத் தாளைக் கிழித்தேன்.

“ஐயா, அத ஏன் கிழிக்கிறீங்க?”

“கள்ளன் கண்டால் வாசிச்சுப்போடுவான். தமிழ் எண்டால் அவனுக்கு விளங்காது.”

மார்கழியில் பாக்கியலெட்சுமி பணத்தை எடுக்க வேண்டும் என்றார். “இப்ப எடாதையும், விலை ஏறும்!” என்றார் தலைவர். பாக்கியலெட்சுமி பொறுத்தார்.

தையில் அவர் வந்த பஸ் பிறேக் அடித்தது. பையிலிருந்த சொதி வாளி சரிந்து போனைக் குளிப்பாட்டியது. அது எங்களுக்காகக் கொண்டுவந்த சொதி.

அவசரக் கூட்டம் கூடியது. கடன்வாங்கிய போனில் சொற்களை ஆங்கிலத்துக்குத் திருப்பினோம். தாய்மாமன் சிரமமில்லாமல் அங்கிளானார். நாலாவது சொல் ‘மகிழ்ச்சி’. அது ஹாப்பியா, ஜோயா, கிளாட்டா? ஒன்பதாவது ‘பரிசு’. கிஃப்டா, பிறைஸா? மற்றவையும் இப்படித்தான். ஒருவருக்கும் ஞாபகமில்லை. கடைசிச் சொல்லுக்குத் தலைவர் எழுந்து நின்றார்.

“ஃப்ரீடம்! வேறென்ன?”

அப்படியொரு சொல் தன்னுடைய பட்டியலிலேயே இல்லை என்றது போன். லிபர்ட்டியைப் போட்டோம். றிலீஸைப் போட்டோம். இரண்டும் பட்டியலில் இருந்தன. பணம் மட்டும் வரவில்லை. ‘விடுதலை’க்குச் சரியான ஆங்கிலம் காண ஐவர் கொண்ட துணைக்குழு நியமிக்கப்பட்டது. அது மூன்று ஞாயிறு கூடியது. தேநீர்ச் செலவு தனி.

போன ஞாயிறு பாக்கியலெட்சுமி இடியப்பம் இல்லாமல் வந்தார்.

“வீடு கெடைச்சிருச்சுங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

தலைவர் துள்ளி எழுந்தார். “பார்த்தீங்களோ! பிட்கொயின்!”

“இல்லீங்க. மகளோட தைக்கிற அந்த ஊரு பொம்பளைங்க ஆறு பேரு சீட்டுப் போடுறாங்களாம், நம்ம ஊரு மாதிரியே. இந்த மாசச் சீட்டு அச்சியெங்குன்னு ஒரு புள்ளைக்கு விழுந்திருக்கு. மக அழுவுறதப் பார்த்துட்டு அந்தப் புள்ள விட்டுக் குடுத்திருச்சு. கமிசன் போக மிச்சம் முந்தாநாள் வந்துச்சு.”

“அவவுக்கு பாங்க் எக்கவுண்ட் இருக்கோ?” என்றார் தலைவர்.

“இல்லையாமுங்க.”

றெயில் போனது. போய் முடிந்ததும் தலைவர் மெல்ல உட்கார்ந்தார்.

நான்தான் துணைக்குழுவின் இடைக்கால அறிக்கையை வாசிக்கத் தொடங்கினேன். பாக்கியலெட்சுமி கையைக் காட்டி மறித்தார்.

“மூணு மாசம் எம்புள்ள குனிஞ்சு தைச்ச சல்லிங்க அது. அந்தத் தாள நீங்களே வச்சிக்கிருங்க. எனக்கு விடுதலையெல்லாம் வேணாம். என்னய விட்டாப் போதும்.”

படியிறங்கிப் போனார். அன்று எல்லோரும் பட்டினி. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுத யாப்பில் பிரிவில்லை.

இப்போது ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஆபிரிக்காவுக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் நடந்த பொருளாதார உதவி’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ‘கொடுத்தவர்’ கட்டத்தில் அச்சியெங் என்று எழுதிவிட்டேன். ‘எடுத்தவர்’ கட்டம் சின்னது. பேரவையின் முழுப்பெயர் அதற்குள் அடங்கவில்லை. சுருக்கமாக ‘நாங்கள்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.