பழுத்த இலைக்கு ஒரு பாராட்டு விழா

நிர்வாகம் என்னும் மகத்தான கலையை உலகுக்குத் தந்தது மனிதன் அல்ல. ஈய உருக்காலையின் பின்வேலிக்கு வெளியே பாலை மணலில் நின்ற ஒரு முட்புதர். அதைக் கண்டறிந்த பெருமை ஆலையின் மண் ஆய்வாளரைச் சேரும். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

கழிவுக் குட்டை கசிந்து வேலியோரம் எல்லாம் கருகிய பிறகும் அந்தப் புதர் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. எப்படி என்று ஆராய்ந்து அவர் நான்கு பக்க அறிக்கை எழுதினார். ஈயத்தில் பெரும்பகுதியைப் புதர் வேரிலேயே மறித்துவிடுகிறது. மீறி வந்ததைக் கொழுந்துக்கு அனுப்பாமல் பழுத்த இலைகளில் அடைத்து உதிர்த்துவிடுகிறது.

மேலாளர் மகா மேதை. எந்த அறிக்கையையும் முதல் பக்கத்திலேயே முழுதாகக் கிரகித்துவிடுவார். மற்ற பக்கங்களைத் தொந்தரவு செய்ததே இல்லை. ஊழியர்கள் அவரை 'முதல் பக்கம்' என்று அன்போடு அழைத்தார்கள், அவர் காதில் விழாதபடி.

"பிரமாதம்யா," என்றார் முதல் பக்கம். "விஷத்தைப் பழுத்த இலையில வெச்சு உதுத்துடுது. இதுவல்லவோ நிர்வாகம்."

"கடைசிப் பக்கத்தையும் கொஞ்சம் பாத்துடுங்க சார்."

"அதான் புரிஞ்சுபோச்சே."

நன்றாகவே புரிந்திருந்தது. மறுநாளே குட்டைக் கசிவு பற்றிய கோப்புகள் ஆய்வாளரின் மேசைக்கு வந்து குவிந்தன. ஏழு ஆண்டுக் கசிவுக்கும் அவரே 'பொறுப்பு அலுவலர்' என்று ஆணையும் வந்தது. குட்டையைக் கட்டிய பொறியாளர் மேலாளரின் மாப்பிள்ளை. அந்தக் கொழுந்தின் மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஆய்வாளர் வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"முப்பது வருஷமா மண்ணைத் தோண்டினீங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கே குழி தோண்டறது தெரியலையா?"

"தெரியுது. ஜெயில்ல போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"அந்தக் கோப்பெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிரிவு உபசார விழாவில் மேலாளர் உருகினார். "பழுத்த இலை உதிர்றது இயற்கை. அதை நாம தடுக்கக் கூடாது." அரங்கம் கைதட்டியது. 'கசிவுக்குக் காரணம் ஓய்வுபெற்ற அலுவலரின் அலட்சியமே' என்ற கடிதம் மறுநாள் தேதியிட்டு மேலாளரின் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

அப்போது மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி உள்ளே வந்தார். அவர் கையில் அந்தக் கோப்புகளின் நகல்கள். ஒவ்வொன்றிலும் ஆய்வாளர் எழுதிய எச்சரிக்கை. ஓரத்தில் 'கிடப்பில் போடுக' என்று மேலாளரின் அழகான கையெழுத்து.

"என்னய்யா இது?" என்று மேலாளர் ஆய்வாளரைப் பார்த்தார்.

"நாலாம் பக்கம் சார்," என்று அவர் அறிக்கையைப் பிரித்துக் கொடுத்தார்.

'உதிர்ந்த இலை எங்கும் போய்விடுவதில்லை. அதே புதரின் அடியில் விழுந்து மக்குகிறது. அதிலுள்ள ஈயம் வேரடிக்கே திரும்பி வருகிறது.'

மேலாளர் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கடைசிப் பக்கத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு அதிகாரியிடம் நியாயம் கேட்டார்.

"புதர் செஞ்சா கெட்டிக்காரத்தனம், நாங்க செஞ்சா குத்தமா சார்?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "மண்ணுல ஈயத்தைக் கொட்டினது புதர் இல்லையே."