துண்டை உருவிய பி.ஏ.

பொருளாதாரம் படித்தவனைக் கல்யாண வேலைக்கு அனுப்பவே கூடாது. (என்னை அனுப்பினார்கள்.) சென்னையில் பி.ஏ. முடித்து அப்போதுதான் காரைக்குடிப் பக்கம் வந்து இறங்கியிருந்தேன். மறுநாள் தங்கை வள்ளிக்குக் கல்யாணம். சீர்வரிசையாக ஒரு ஜோடி உழவு மாடு தருவதாகப் பேச்சு. ஐயா என்னிடம் பணத்தைக் கொடுத்துக் காளையார்கோவில் சந்தைக்கு அனுப்பினார். "தரகர் ராவுத்தர் பேசிக்குவாரு. நீ கூட நின்னாப் போதும்" என்றார். நின்றிருக்கலாம்.

ராவுத்தர் வழக்கப்படி ஒரு மாட்டுக்காரரின் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைத் தொட்டு விலை பேசத் தொடங்கினார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒளிவுமறைவாக ஒரு வியாபாரமா! போட்டி வெளிப்படையாக இருந்தால் விலை தானாக இறங்கும் என்று படித்தவனாயிற்றே! துண்டை உருவினேன்.

"விலையை எல்லாரும் கேட்கச் சொல்லுங்க!"

மாட்டுக்காரர் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான், பக்கத்து மாட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த நோஞ்சானுக்கே அம்புட்டுன்னா, என் மாடு என்ன எளப்பமா?" என்று அதற்கு மேல் கூவினார். மூன்றாமவர் அதற்கும் மேல். முதலாமவர் சும்மா இருப்பாரா? போட்டி அமோகமாக நடந்தது, ஏறுமுகமாக. கடைசியில் மூவரும் கூடிப் பேசி ஒரே விலையில் நின்றுகொண்டார்கள்.

"கூட்டுச் சேர்ந்து விலை வைக்கிறது அமெரிக்காவில் குற்றம்! சட்டமே இருக்கு!" என்று அலறினேன்.

"அப்ப அங்குட்டுப் போயி மாடு வாங்குங்க தம்பி" என்றார் ராவுத்தர், கடுப்போடு. "துண்டுக்குள்ளன்னா ஒருத்தனுக்குத் தெரியாம ஒருத்தன் எறக்குவான். ஊரு கேக்கச் சொன்னத எவன் எறக்குவான்? என் தரகுலயும் மண்ணப் போட்டீக!"

துண்டை மறுபடி போடச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டுக்காரர்கள் கையை நீட்டவே இல்லை. இருந்த பணத்துக்கு ஒரே ஒரு மாடுதான் கிடைத்தது.

பந்தலுக்கு முன்னால் அது தனியாக நின்றது. சம்பந்தி வீட்டார் அதன் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று. ஐயா தலை குனிந்து நின்றார். வள்ளி அழுத அழுகையில் எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"எங்க பெரியப்பா வீட்டுலயும் ஒத்த மாடுதான் மச்சான். சேத்துப் பூட்டிக்கிறோம்."

அப்படியே பல வருஷம் உழுதார்கள். போட்டியில் வாங்கிய மாடு கூட்டுச் சேர்ந்துதான் பிழைத்தது.

இன்றும் வள்ளி வீட்டில் புடவைக்காரரிடம் பேரம் நடக்கும்போது நான் நுழைந்துவிட்டால், அவள் மருமகள்களைப் பார்த்துக் கத்துவாள்: "அண்ணனுக்கு அதிரசத்தக் குடுங்கடி! வெல முடியிற வரைக்கும் மென்னுக்கிட்டு இருக்கட்டும்!"